வன்னியில் கதை கேட்கப் போகிறவர்களுக்கு

வட இலங்கையில் வன்னிப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் கிடைத்து வருகிற ஆசிரியர்கள், ஆய்வுக்குத் தலைப்பு எடுத்துவிட்டு ஆளைத் தேடுகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள், விடுமுறைக்கு வந்த இடத்தில் அம்மம்மாவின் கதைகளைப் பதிந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள். இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "நாட்டார் கதையில எத்தினை வகை இருக்கு?" என்பதைத்தான். வகைகளைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் வன்னியில் பாதிக் கதை தப்பிவிடும். இங்கே ஒரே கதை கோயில் வீதியில் ஒரு வகை, கூத்து மேடையில் இன்னொரு வகை, குசினியில் வேறொரு வகை. எங்கே இருந்து, யாருக்கு, எவ்வளவு நம்பிச் சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் வகை தானாகப் பிடிபடும்.

கொப்பியில் முதலில் எழுதவேண்டிய மூன்று கேள்விகள்

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1965 இல் வாய்மொழிக் கதைகளை மூன்றாகப் பிரித்தார்: தொன்மம், ஐதீகம், கட்டுக்கதை. அவர் பார்த்தது கதையின் உள்ளடக்கத்தை மட்டுமல்ல, கேட்கிற சமூகம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும்தான். தொன்மம் உண்மை, புனிதம், உலகம் இப்போதைய உருவத்துக்கு வருமுன் நடந்தது. ஐதீகமும் உண்மையென்று சொல்லப்படுவது, ஆனால் நம் உலகத்தில், நமக்குத் தெரிந்த மண்ணில் நடந்தது. கட்டுக்கதையை யாரும் உண்மையென்று எடுத்துக்கொள்வதில்லை.

இதை நேரே மூன்று கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். இது நடந்ததா? எப்போது? எங்கே? காகத்தின் வடையை நரி பறித்த கதைக்கு "எந்த ஊர் ஆச்சி?" என்று கேட்டால் சின்னப்பிள்ளை கூடச் சிரிக்கும். வட்டப்பளை அம்மன் கோயில் கதைக்கு அதே கேள்வியைக் கேட்டால் கையை நீட்டி இடத்தையே காட்டுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மூன்றுக்குள் அடங்காதவையும் உண்டு: கூத்து, ஒப்பாரி, நொடி (விடுகதை), வேலைப்பாட்டு, "எனக்கே நடந்தது" என்று சொல்லும் அனுபவக் கதை. வன்னியில் இவைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

எந்த வன்னி என்று தெரிந்துகொண்டு போங்கள்

முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்றவை பழைய ஊர்கள். குளமும் வயலும் கோயிலும் சேர்ந்தே வளர்ந்தவை. கதைகளும் குளத்தோடும் கோயிலோடும் கட்டப்பட்டவை. கிளிநொச்சிப் பக்கம் போனால் குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. 1958, 1977 வன்முறைகளுக்குப் பிறகு தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் இருக்கும். மன்னார்ப் பக்கம் கத்தோலிக்க நாடகங்களும் வாசாப்பு என்ற கத்தோலிக்கக் கூத்தும். இவை எல்லாவற்றையும் "வன்னிக் கதை" என்று ஒரே கோப்பில் போட்டால் பிறகு யாருக்கும் பயன்படாது.

ஆனால் "உங்கட பூர்வீகம் எங்க?" என்று நேராகக் கேட்காதீர்கள். சாதி அறியத்தான் கேட்கிறார் என்று நினைத்து முகம் இறுகிவிடும். "இந்தக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னவை?" என்று கேளுங்கள். "எங்கட அம்மம்மா, அவ ஹற்றன் பக்கம் இருந்து வந்தவ" என்று பதில் தானாக வரும். கதையின் வழியும் தெரியும், மரியாதையும் கெடாது.

கோயில் வாசலில் தொடங்குங்கள்

புதியவருக்கு ஆகச் சுலபமான இடம் கோயில். கதை சொல்ல வெட்கப்படுகிற ஊரிலும் அம்மனின் கதையைச் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் ஓரம் இருக்கிற வட்டப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் சொல்லும் கதை இது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே வந்தாள். அதனால் பத்தாம்பளை, அதுவே வட்டப்பளை. கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெடியள் ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள். வேப்பங்குழை முறித்துப் பந்தல் போட்டு அவளை இருத்தி, பொங்கல் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டுவிட்டது. "விளக்கு ஏத்துங்கோ" என்றாள். "எண்ணெய் இல்லையே ஆச்சி" என்றார்கள். "கடல் தண்ணியை எடுத்து ஊத்தி ஏத்துங்கோ" என்றாள். ஏற்றினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்று தலையைக் காட்டினாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள், ஆயிரம் கண்கள். பயந்து நின்றவர்களிடம், வைகாசித் திங்களில் திரும்ப வருவேன் என்று சொல்லி மறைந்தாள்.

இந்தக் கதையை எழுதிக்கொண்டு எழும்பிவிடாதீர்கள். வைகாசிப் பொங்கல் சடங்கு இந்தக் கதையைத்தான் ஒவ்வொரு வருடமும் நடத்திக் காட்டுகிறது. பாக்குத் தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கும். பிறகு கடலில் தீர்த்தம் எடுத்து வந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரியும். அங்கே பொங்கல் முடிந்து எல்லாம் வட்டப்பளைக்குப் போகும். வைகாசித் திங்கட்கிழமை வட்டப்பளைப் பொங்கல். கதையில் வருகிற உப்புத்தண்ணியும் விளக்கும் பொங்கலும் சடங்கிலும் வருகின்றன. கிழவியின் தலைப்பேன் சடங்கில் இல்லை. அதைக் கதைதான் வைத்திருக்கிறது. சடங்கில் இருப்பது எது, கதையில் மட்டும் இருப்பது எது என்று இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். நல்ல ஆய்வுக்கு அந்த ஒரு பக்கமே போதும்.

"உண்மையாவே தண்ணியில எரியுமோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் வந்தது கதை கேட்க.

அடுத்த வேலை, அதே கண்ணகியை வேறு இரண்டு இடத்தில் கேட்பது. ஒன்று, கோயிலில் ஏட்டைப் படிக்கிற சிலம்பு கூறல். மற்றது கோவலன் கூத்து. முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்டமுறைக்கு முல்லை மோடி என்று பெயர். பெடியளின் கதையில் அவள் பேன் பார்க்கச் சொல்லும் கிழவி. ஏட்டில் வழக்குரைக்கும் பத்தினி. கூத்தில் கோவலனுக்காக அழுகிற பெண்சாதி. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் போய் வட்டப்பளைக் கிழவியைப் பற்றிக் கேட்டால், "அது கோயில் கதை தம்பி, கூத்தில வராது" என்பார். வகைப் பிரிப்பை அவரே செய்துவிடுகிறார். நீங்கள் எழுதிக்கொண்டால் சரி.

பாம்புத் தெய்வமான நாகதம்பிரானின் கோயில்களை விடாதீர்கள். புளியங்குளத்துக்குக் கிட்டப் புதூரிலும், கிளிநொச்சி மாவட்டத்தில் புளியம்பொக்கணையிலும் பொங்கல் என்றால் சனம் திரளும். பாம்பு கடித்துத் தப்பியவர், நேர்த்தி வைத்து மறந்தவர், கனவில் வந்து நினைவுபடுத்திய தம்பிரான் என்று கதைகள் அங்கே ஓயாது. பிறகு மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயிலுக்குப் போங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள் என்பது மடுவின் வரலாறாகச் சொல்லப்படுவது. மடுக்கோயில் மண் பாம்புக் கடிக்குக் காவல் என்ற நம்பிக்கை சைவர்களிடமும் உண்டு. ஒரே காடு, ஒரே பாம்பு, ஒரே பயம். சமயம் மாறினாலும் கதையின் வேலை மாறவில்லை. ஆவணித் திருவிழாவுக்கு, ஓகஸ்ட் 15 ஐ ஒட்டிப் போனால் மரத்தடியில் கூடாரம் போட்டிருக்கும் குடும்பங்களிடம் இரவு முழுக்கக் கேட்கலாம்.

வீரர் கதை: எங்கே கேட்டது என்று கேளுங்கள்

பண்டாரவன்னியன் கதையைக் கேளாமல் வன்னியில் எந்த ஊரையும் தாண்டமுடியாது. வன்னியின் கடைசிச் சிற்றரசன், 1803 இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று கற்சிலைமடுவில் கல் நாட்டினார்கள். கல்லில் உள்ளது வெள்ளைக்காரனின் கணக்கு. சனத்தின் கதையில் காக்கை வன்னியன் காட்டிக்கொடுக்கிறான், ஒரே வீச்சில் தலைகள் உருளுகின்றன.

இங்கே ஒரு சிக்கல். இந்தக் கதை நாடகமாக மேடையேறியது, பாடப்புத்தகத்தில் வந்தது, விடுதலைப் புலிகள் இயக்கக் காலத்து மேடைகளிலும் முழங்கியது. ஆகவே ஒரு பெரியவர் சொல்லும் பண்டாரவன்னியன் அவருடைய பாட்டன் சொன்னவனா, பள்ளிக்கூட நாடகத்தில் கண்டவனா என்று தெரியாது. கேளுங்கள். "நாடகத்தில பாத்தது" என்று சொன்னாலும் தூக்கி எறியவேண்டாம்; அச்சிலிருந்தும் மேடையிலிருந்தும் வாய்க்குத் திரும்பிய கதையும் கதைதான். குறித்து வைத்தால் போதும்.

எனக்குக் கேட்டால் வன்னியின் பெரிய வீரக் கதை அரியாத்தையுடையது. குமுழமுனைப் பக்கத்தில் யானை பிடிக்கிற பணிக்கரால் முடியாமற்போன கொம்பனைப் பிடித்துக் கட்டிய பெண். அவளுடைய கணவன் வேலப்பணிக்கன் அவளுக்காகப் பாடுவதாக ஒரு ஒப்பாரியே இருக்கிறது. ஒப்பாரி எங்கள் ஊர்களில் பெண்களின் வாயில் இருப்பது. இங்கே ஆண் அழுகிறான், அதுவும் யானையை அடக்கிய பெண்சாதியை நினைத்து. இதை வீரக்கதை என்பதா ஒப்பாரி என்பதா என்று மண்டையை உடைக்காமல் இரண்டு தலைப்பிலும் போடுங்கள்.

காட்டுக் கதையும் காவற்கொட்டில் கதையும்

காலபோக (மாரிக்கால) நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல். பரணில் இருக்கிறவர்கள் நித்திரை கொள்ளாமல் இருக்கக் கதைப்பார்கள். இந்தக் கதைகளை வீட்டு விறாந்தையில் கேட்டால் சுவையில்லாமல் சுருக்கமாகத்தான் வரும். முடிந்தால் ஒரு இரவு கூடப் போய் இருங்கள். கூட்டிப் போகிறவர் சொல்கிறபடி இருங்கள், தனியாகப் போகவேண்டாம்.

அங்கே கேட்பது பெரும்பாலும் அனுபவக் கதை. "நான் கண்டனான்" என்று தொடங்கும். கொள்ளிவாய்ப் பேய், முனி, வழி தப்பிச் சுற்றவைத்த காடு. காட்டுக்குள் போகுமுன் ஐயனாருக்கோ பிள்ளையாருக்கோ குழை முறித்து வைக்காமல் போனவனுக்கு என்ன நடந்தது. இரவில் பாம்பு என்று சொல்லாமல் "பூச்சி" என்பார்கள், யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குவார்கள். நீங்களும் அப்படியே கதையுங்கள். "யானை" என்று நீங்கள் சத்தமாகச் சொன்ன இடத்தில் கதை நின்றுபோகும்.

சிரிக்கவும் வேண்டாம், "அது சதுப்பு நிலத்து வாயு" என்று விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

குசினிக் கதைகள்

இவைதான் கட்டுக்கதை என்ற பெட்டிக்குள் போகிறவை, பெண்களிடமும் பிள்ளைகளிடமும் அதிகம் இருப்பவை. கொழுக்கட்டைக் கதையைக் கேட்டுப் பாருங்கள். மாமி வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை பெயரை மறக்காமல் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று பாய்கிறான். கொழுக்கட்டை வாய்க்காலோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா சுட்டுத் தா என்று பெண்சாதிக்கு அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஐயோ, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்ன, "ஓம், அதுதான், அதுதான்!"

இந்தக் கதை உலகம் முழுக்க இருக்கிறது. பின்லாந்தின் ஆர்னே 1910 இல் தொடங்கி, அமெரிக்காவின் தொம்சன் 1928 இலும் 1961 இலும் விரித்து, ஜேர்மனியின் ஊதர் 2004 இல் திருத்திய கதைவகை அட்டவணையில் இதற்கு எண் 1687, மறந்துபோன சொல். காகம் வடை கதைக்கு 57. எண் போடுவது வேறு நாட்டுக் கதைகளோடு ஒப்பிட உதவும். ஆனால் எண்ணை வீட்டுக்கு வந்த பிறகு தேடுங்கள். கேட்கிற நேரத்தில் தேடவேண்டியது வன்னிக்காரர் சேர்த்தவற்றை: வாய்க்கால் எந்தக் குளத்து வாய்க்கால், கொழுக்கட்டைக்குள் பயறா எள்ளா. அந்த அடியைப் பற்றியும் ஒரு சொல். கேட்கிறபோது எல்லோரும் சிரிப்பார்கள். எழுதும்போது நாகரிகம் கருதி வெட்டவும் வேண்டாம், நகைச்சுவையென்று அழகுபடுத்தவும் வேண்டாம். சொன்னபடி எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் நொடி கேளுங்கள். "அடி காட்டில, நடு மாட்டில, நுனி வீட்டில" என்றால் நெல். வயலில் விடுவது, மாட்டுக்குப் போடுவது, வீட்டுக்கு வருவது. வயல் செய்கிற ஊரில் இதை அவிழ்க்காத பிள்ளை குறைவு. அரிவி வெட்டு, சூடு மிதிப்புப் பாட்டுகள், பயிரழிக்கும் விலங்குகளைப் பற்றிய பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு எல்லாம் மெஷின் வெட்டு வந்தபின் வேலையோடு சேர்ந்து பாடப்படுவதில்லை. வயது போனவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

எப்படிப் போய் இருப்பது

விதைப்பு, அரிவி வெட்டு நாட்களில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். முதல்நாள் பதிவுக் கருவி எதுவும் வேண்டாம். கிராம சேவகரையோ கோயில் ஐயரையோ கூட்டிக்கொண்டு போனால் கதையும் உத்தியோகத் தோரணையில் வரும்; அந்த வீட்டுக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றோடு போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை, எல்லாம் மறந்துபோச்சு" என்பதுதான் எல்லா ஆச்சிமாரும் சொல்கிற முதல் வசனம். அதை மறுப்பாக எடுக்காதீர்கள். "நாட்டார் கதை ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டால் அப்படித்தான் வரும். நீங்கள் ஒரு கதையை அரைகுறையாகச் சொல்லிப் பாருங்கள். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறவ நிமிராமலே, "அப்பிடியில்லைக் குஞ்சு, அவன் முதல்ல கிணத்தடிக்கு எல்லோ போறான்" என்று திருத்துவா. கதை தொடங்கிவிட்டது. இனி உங்கள் வேலை "உம்" கொட்டுவது மட்டும். "உம்" இல்லாவிட்டால் கதை ஓடாது; பதிவில் உங்கள் குரல் விழுகிறதே என்று கவலைப்படவேண்டாம்.

சம்மதம் கேட்டபிறகு பதியுங்கள். கைத்தொலைபேசியே போதும். பறப்பு நிலையில் (flight mode) போட்டு, மின்விசிறிக்குத் தள்ளி, சொல்கிறவரின் மடிக்குக் கிட்ட ஒரு துணியின் மேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாளையும் ஊரையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்புப் பெயர் மாறிப்போனாலும் அந்தக் குரல் மாறாது.

கேட்கக்கூடாத நேரம்

2009 இல் முடிந்த யுத்தம் இந்த ஊர்களுக்கு மேலால் போனது. வட்டப்பளையிலிருந்து நந்திக்கடலின் மறுகரை தெரியும். அந்தக் கரையில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கூத்துக் கொப்பிகளும் ஏடுகளும் இடம்பெயர்ந்த வழியில் போயின. கதை தெரிந்தவர்கள் போனார்கள். ஒரு பழங்கதையை நடுவில் நிறுத்திவிட்டு மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள், கேட்டுக்கொண்டிருங்கள். அது உங்கள் சேகரிப்புக்கு உரியதல்ல; அவராகப் பதியச் சொன்னால் வேறு கதை.

ஒப்பாரி கேட்பதற்குத் தனி எச்சரிக்கை. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது கூடாது என்று நினைப்பவர்கள் அதிகம். "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" என்று வற்புறுத்தாதீர்கள். சிலர் வளவுக்கு வெளியே, வயல் கரையில் வந்து பாடச் சம்மதிப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாயிடம் அதையும் கேட்கவேண்டாம். அவவுக்கு அந்தப் பிள்ளை சாகவில்லை.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

"ஒண்டு" என்று சொன்னதை "ஒன்று" என்று திருத்தாதீர்கள். இடையில் பாட்டு வந்தால் பாட்டாகவே எழுதுங்கள், உரைநடையாக்கினால் போய்விடும். ஒவ்வொரு கதைக்கும் மேலே ஊர், நாள், சொன்னவரின் வயது, அவருக்கு யார் சொன்னது, எந்த இடத்தில் இருந்து சொன்னார், கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பெடியள் இருந்தால் ஆச்சிமார் சில கதைகளைச் சொல்லமாட்டார்கள். மாமியார் இருந்தால் மருமகள் கதை வேறு முடிவுக்குப் போகும். வகை என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள், பென்சிலால்.

இரண்டு இடத்திலாவது பிரதி வையுங்கள். சொன்னவர் சம்மதித்தால் "நூலகம்" என்ற பெயரில் இணையத்தில் இருக்கிற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் 2005 இலிருந்து அங்கே சேர்கின்றன, போகுமுன் தேடிப் பார்க்கவும் உதவும். பெயர் போடவேண்டாம் என்றவர்களின் பெயரைக் கோப்பின் பெயரிலும் போடாதீர்கள். ஒரு பிரதியைச் சொன்னவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், பேரப்பிள்ளையின் தொலைபேசியில் ஏற்றி. ஆச்சி தன் குரலைக் கேட்டுவிட்டு, "இதில ஒரு துண்டு விட்டிட்டன்" என்று சொல்லுவா. பறப்பு நிலையில் போட்டுத் திரும்பவும் மடிக்குக் கிட்ட வையுங்கள்.